வாய் மூடாத பலூன்

என் அம்மா கம்பெனியில் பாத்திரம் கழுவுகிறாள் என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வடக்குப்பட்டில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். அவள் காட்டிய ஆதாரம் அம்மாவின் கை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அம்மாவின் விரல்கள் வெளுத்து, நுனியெல்லாம் சுருங்கி, வெகுநேரம் துணி துவைத்தவள் கை மாதிரி இருக்கும்.

“கார் கம்பெனியாம். கார் செய்யிறவ கை இப்டியா ஊறிக் கெடக்கும்? கிரீஸ் கீதா, கறை கீதா? தட்டு கழுவிக்கினு கீறா. சொல்றதுக்கு வெக்கம்” என்பாள். அதுவும் குழாயடியில், நான் குடத்தோடு நிற்கும்போதே.

தட்டு கழுவுவது கேவலமான வேலை இல்லை. அப்படி நினைக்கிறவர்கள் ஒரு நாள் ஆயிரம் பேர் சாப்பிட்ட தட்டைக் கழுவிப் பார்க்கட்டும். ஆனால் ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அத்தை என் அம்மாவைப் பொய்க்காரி என்கிறாள். அதுதான் எரிந்தது. திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. நான் பார்த்ததில்லையே. கம்பெனி கேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

அம்மா சொல்லித்தான் இருந்தாள். காரின் எஞ்சின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டர் செய்யும் கம்பெனி அது. செய்து முடித்த ரேடியேட்டரைக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீருக்குள் முக்கி, உள்ளே காற்றை அடிப்பார்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கிருந்து குமிழி கிளம்பும். அதைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதுதான் அம்மாவின் வேலை. அதற்குப் பெயர் லீக் டெஸ்ட். கையுறை போட்டால் பிடி வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிடுவாள். கை அப்படி ஆனது அதனால்தான்.

இதை நான் அத்தையிடம் சொன்னேன்.

“அப்போ பஞ்சர் கடைன்னு சொல்லு” என்றாள். குழாயடியே சிரித்தது.

அந்தக் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு நாள் ஃபேமிலி டே நடக்கும். பர்மனென்ட் ஆட்கள் குடும்பத்தோடு போவார்கள். பந்தல், பாட்டு, பிரியாணி எல்லாம் உண்டு. அம்மா காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அன்றைக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வரும். ஃபேமிலி எங்களுக்கும் இருக்கிறது என்பது அவர்கள் நினைவுக்கு வந்ததில்லை.

அந்த வருஷம் மட்டும் வந்தது. காண்ட்ராக்ட் ஆட்களும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அறிவித்தார்கள். ஆனால் சும்மா வரக்கூடாது. பிள்ளை ஏதாவது ஒரு அறிவியல் மாடல் செய்து எடுத்து வர வேண்டும். அதை சூப்பர்வைசர் முன்கூட்டியே பார்த்து, சரி என்றால்தான் பாஸ் கொடுப்பார். பர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகள் வெறுங்கையை வீசிக்கொண்டு வரலாம். டெஸ்ட் எங்களுக்கு மட்டும்தான். உள்ளே போனால் ப்ளான்ட்டைச் சுற்றிக் காட்டுவார்கள், அவரவர் அம்மா அப்பா வேலை செய்யும் இடத்தையும் காட்டுவார்கள் என்று அம்மா சொன்னாள்.

அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதுக்கு இன்னா இப்போ?” என்றார்.

“இல்ல. இந்த வருஷம் இவ வரணும்” என்றாள் அம்மா. அவள் அப்படி அடித்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். செய்து பார்க்கும் சோதனைகள் பற்றியது. அம்மா கை துடைத்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எரிமலை வந்தது. தள்ளினாள். எலுமிச்சம்பழத்தில் விளக்கு எரிய வைப்பது வந்தது. தள்ளினாள். சூடான காற்றில் பறக்கும் பலூன் வந்ததும் விரலை அதன் மேல் வைத்தாள்.

“இது காத்து வேல. இது எனக்குத் தெரியும்” என்றாள்.

மெல்லிய காத்தாடித் தாளைத் தர்பூசணிக் கீற்று மாதிரி வெட்டி, ஓரங்களை ஒட்டி ஒட்டிப் பெரிய பை செய்ய வேண்டும். கீழே வாய் திறந்திருக்க வேண்டும். அதன் வழியாகச் சூடான காற்றை விட்டால் மேலே போகும். காற்று சூடானால் விரியும், விரிந்தால் லேசாகும். புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அம்மா ஒரு கேள்வி கேட்டாள். “லேசாவும்னா, மொதல்ல இருந்த கனம் எங்க போவும்?”

எனக்குத் தெரியவில்லை. லேசாகும் என்று போட்டிருக்கிறதே என்றேன்.

அடுத்த பக்கத்தில் ஹீலியம் பற்றி இருந்தது. அந்த வாயுவைச் சூடாக்கவே வேண்டாம், தானாகவே காற்றைவிட லேசு, பெரிய பலூன்களில் அடைப்பார்கள் என்று இருந்தது. அதையும் படித்தேன்.

“இன்னா பேரு சொன்ன?”

“ஹீலியம்.”

“அதா” என்றாள். அந்தப் பக்கத்துப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “கம்பெனில இந்தப் பேரச் சொன்னாங்க” என்றவள் பக்கத்தைத் திருப்பிப் பலூனுக்கே வந்துவிட்டாள்.

அம்மா வேலை செய்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். சமைப்பது, பெருக்குவது எல்லாம் தினமும் பார்ப்பதுதான். இது வேறு. மைதாப் பசையைக் கட்டியில்லாமல் காய்ச்சினாள். தாளின் ஓரத்தில் பசையை விரலால் இழுத்தாள். இழுத்த கோடு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அகலம். ஒட்டிய இடத்தைச் சீப்பின் முதுகால் தேய்த்தாள். ஒரு கீற்று ஒட்டியதும் அடுத்ததற்குப் போகாமல் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் எந்த அவசரமும் இல்லை. நான் ஒரு கீற்று ஒட்டினேன். பார்த்துவிட்டு அதைப் பிரித்துத் திரும்ப ஒட்டினாள்.

பிறகு டெஸ்ட். தாளைத் தண்ணீரில் முக்க முடியாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். டேபிள் ஃபேனால் பையை உப்பவைத்து, ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, ஒட்டிய ஓரங்களின் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே நகர்த்தினாள். புகை நேராக மேலே போனால் சரி. ஒரு இடத்தில் புகை சட்டென்று வளைந்தது. “கீது” என்றாள். அங்கே காற்று கசிகிறது. கண்ணுக்கே தெரியாத ஓட்டை. அதன் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டினாள். அப்படிப் பை முழுக்கத் தேடி ஒட்டினாள்.

மாமா வந்து பார்த்தார். மாமா அம்மாவின் தம்பி. பழுதான ஃபோன், மிக்ஸி எல்லாம் பிரித்துப் போடுவார். சிலதைத் திரும்பப் பூட்டுவார். ஊரில் நடக்கிற எல்லாமே தன்னால்தான் நடக்கிறது என்று அவருக்கு நினைப்பு.

“அக்கா, கீழ ஒரு கம்பி கட்டி சூடத்தக் கொளுத்தி வுட்ருவோம். ஜோரா போவும்.”

“போயி எவன் கம்பெனி பெயின்ட் குடோன்ல வுழுவும்? வாய மூடு. நெருப்பு கூடாது.”

அது நியாயம். எங்கள் ஊரைச் சுற்றி எரியக்கூடியது என்னவெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அடுக்கியவர்களுக்கே தெரியாது. மாமாவிடம் சூடான காற்றை ஊதும் ஹாட் கன் ஒன்று இருந்தது. ஒயர் மேல் போடும் உறையைச் சுருக்குவதற்கு வைத்திருந்தார். அதையே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. பால் பவுடர் டின்னின் இரண்டு பக்கத்தையும் வெட்டிக் குழாய் மாதிரி ஆக்கி, பலூனின் வாயை ஒரு முனையிலும் கன்னை மறு முனையிலும் மாட்டினார்கள்.

இங்கேதான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள். பலூனின் வாய்க்கும் டின்னுக்கும் நடுவே இருந்த இடைவெளியை டேப் வைத்துச் சுற்றி அடைத்தாள். டின்னுக்கும் கன்னுக்கும் நடுவேயும் அடைத்தாள்.

“அம்மா, வாய் தொறந்து இருக்கணும்னு போட்ருக்கு.”

“ஓட்டைய வெச்சிக்கினு எப்டி டெஸ்ட் பாஸ் ஆவும்? இத எழுதுனவன் லீக் டெஸ்ட் பாத்திருக்க மாட்டான்.”

நான் நம்பினேன். காற்று வேலை தெரிந்தவள் அவள்.

பக்கத்து வீட்டுக்காரம்மா, தெற்கேயிருந்து வேலைக்கு வருகிற பையன்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக ரூம் கட்டிக்கொண்டிருந்தார். கடைசி ரூமுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை இன்னும் போடவில்லை. காற்று அடிக்காது, மேலே வானம் திறந்திருக்கும். பலூனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. விடிந்ததும் அங்கே போனோம். மாமா ஒயரை இழுத்துக்கொண்டு போய் பக்கத்து வீட்டுப் ப்ளக்கில் மாட்டினார்.

“யார்றா அது? என் வூட்டுக் கரண்ட்ல இன்னா பண்றீங்க?” என்று அந்தம்மா வேப்பங்குச்சியோடு ஓடி வந்தார்.

“வரலாறு நடக்குதுக்கா. கம்முனு நில்லு” என்றார் மாமா.

பலூன் உப்பியது. சுருக்கங்கள் எல்லாம் போய் முழுசாக, மாமா உயரத்துக்கு நின்றது. மஞ்சளும் சிவப்புமாக அவ்வளவு அழகு. எங்கும் ஒரு கசிவு இல்லை. அம்மா சுற்றி வந்து பார்த்தாள். அவள் முகத்தில் திருப்தி. ஆனால் அது எழும்பவில்லை. மத்தளம் மாதிரி விறைத்துக்கொண்டு அப்படியே நின்றது. கன் முனகியது.

“இன்னும் கொஞ்சம் சூடு ஏறணும்” என்றார் மாமா.

“எத்தினி நாள் ஏறணும்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா.

அப்போது டர்ரென்று ஒரு சத்தம். பலூனின் அடியில், வாய்க்குக் கொஞ்சம் மேலே, ஒட்டிய ஓரம் ஒன்று கையகலத்துக்குப் பிளந்துகொண்டது. காற்று என் காலில் அடித்தது. நான் அழத் தயாரானேன். அம்மா ஓடிப்போய்ப் பிளவைக் கையால் பொத்தப் பார்த்தாள்.

பொத்த முடியவில்லை. பலூன் அவள் கையைவிட்டு எழும்பியது. டின்னை இழுத்தது. டேப் பிரிந்தது. பிளந்த ஓரத்தோடு அது மெதுவாகச் சுவரைத் தாண்டி மேலே போனது. நாங்கள் நான்கு பேரும் அண்ணாந்து நின்றோம். வேப்பங்குச்சி பக்கத்து வீட்டுக்காரம்மாவின் வாயிலேயே நின்றுவிட்டது.

கொஞ்ச தூரம் போய்ச் சாய்ந்தது. எதிர் வீட்டில் புதிதாகப் போட்ட கான்கிரீட் கூரை இறுகுவதற்காக மேலே தண்ணீர் கட்டி வைத்திருந்தார்கள். சரியாக அதில் போய் விழுந்தது. மாமா ஏறிப் பார்த்தபோது தாள் கரைந்து தண்ணீர் சிவப்பாக இருந்ததாம்.

“பறக்கும்னு நான் சொல்லல?” என்றபடி மாமா இறங்கி வந்தார்.

“கிழிஞ்சப்புறம்தானடா பறந்துது” என்றாள் அம்மா. கன்னைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அதை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. “ரிஜெக்ட் பீஸு பறக்குது. பாஸ் ஆனது பறக்கல.”

அன்றைக்கு முழுக்க அவள் தொட்டி முன்னால் நின்று இதையே யோசித்திருக்கிறாள். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாள். முகம்கூடக் கழுவவில்லை.

“தெனம் பாத்துக்கினுதான் கீறேன், புத்தில ஏறல. ஓட்டைலேர்ந்து வர்ற பபுளு ஏன் மேல போவுது? தண்ணி கனம். காத்து லேசு. தண்ணி அத்தக் கீழேர்ந்து தள்ளி வுடுது. இங்கயும் அதேதான்டி. சுத்திக் கீற காத்து பூரா தண்ணின்னு வெச்சுக்கோ. நம்ம பலூன்தான் பபுளு.”

“சரி.”

“உள்ள கீற காத்து சூடானா அதுக்கு எடம் ஜாஸ்தி வோணும். பையி பெருசாவாது. அப்போ கொஞ்சம் காத்து வெளிய போயே ஆவணும். போனாத்தான் உள்ள கனம் கொறையும். நீ கேட்டதுக்கு நான் தெரியலன்னேன் பாரு, அந்தக் கனம் வாய் வழியாப் போவுது. நான் போவ வுடாம அடச்சி வெச்சிட்டேன்.”

கேட்டது அவள். தெரியாது என்று சொன்னது நான். அதை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். நான் அதற்கப்புறம் எத்தனையோ வாத்தியார்களிடம் படித்துவிட்டேன். தான் தப்பு செய்ததைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை வேறெங்கும் பார்க்கவில்லை.

இரண்டாவது பலூனை அம்மா வேறு மாதிரி செய்தாள். ஒட்டு மேல் ஒட்டுப் போடவில்லை. மேல் பாதியில் மட்டும் ஊதுவத்தி பிடித்தாள். சூடான காற்று மேலேதான் நிற்கும், அங்கே கசியாமல் இருந்தால் போதும் என்றாள். கீழே தன் கையாலேயே வாயை அகலமாக வெட்டி, மெல்லிய கம்பி ஒன்றை வளைத்து ஒட்டினாள். வெட்டும்போது கத்தரிக்கோல் ஒரு நொடி தயங்கியதை நான் பார்த்தேன். இத்தனை வருஷமாக ஓட்டையைத் தேடித் தேடி ஒதுக்கியவள், தானே ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

காலையில் விட்டோம். போனது. நூல் கட்டி இழுத்தோம். இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரம்மா இந்த முறை தானே ஒயரைப் ப்ளக்கில் மாட்டிவிட்டார்.

சூப்பர்வைசரிடம் காட்டும் நாள் வந்தது. அதற்கு முன்னால் மாமா ஒரு வேலை செய்தார். கெட்டியான தங்க நிறத் தாளில் கம்பெனி பெயரைப் பெரிதாக வெட்டி, ஒரு பட்டையாக்கிப் பலூனின் வாயைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டார். “இத்தப் பாத்தான்னா உடனே பாஸ் போட்ருவான்” என்றார். எனக்கும் பிடித்திருந்தது. அம்மா ஷிஃப்டில் இருந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில், செக்யூரிட்டி ரூம் மறைவில், ஷிஃப்ட் மாறும் மதிய நேரத்தில்தான் சூப்பர்வைசரால் வர முடிந்தது. அம்மாவும் அவர் பின்னாலேயே வெளியே வந்தாள். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். சின்ன வயசு. பலூனைக் குனிந்து பார்த்தார்.

“என்னக்கா இது, அடியில இவ்வளவு பெரிய ஓட்ட இருக்கு? லீக் டெஸ்ட்ல இருந்துக்கிட்டு நீங்களே இப்படிக் கொண்டாந்தா எப்படி?”

“அது லீக் இல்ல சார். காத்து வெளிய போற வழி.”

“சரி, விட்டுக் காட்டச் சொல்லுங்க. சோலி கெடக்கு.”

மாமா கன்னைப் பிடித்தார். பலூன் நிமிர்ந்தது. தரையைவிட்டு என் முழங்கால் உயரம் வந்தது. பிறகு அலுத்துப்போனவர்கள் உட்காருவது மாதிரி உட்கார்ந்துவிட்டது. மறுபடி சூடேற்றினோம். மறுபடி உட்கார்ந்தது. சூப்பர்வைசர் மணி பார்த்தார். கேட் இதோ இருக்கிறது. அதற்குள்ளே அம்மாவின் தொட்டி இருக்கிறது. குழாயடியில் அத்தை இருக்கிறாள்.

“காலைல போச்சு சார், சத்தியமாப் போச்சு” என்றேன்.

“காலைல போனா எனக்கென்ன பாப்பா?”

அம்மா வெயிலைப் பார்த்தாள். தரையைத் தொட்டாள். காலையில் வெளிக்காற்று குளிர்ச்சி, கனமானது. அதனால் உள்ளே இருந்த சூடான காற்றை நன்றாகத் தூக்கியது. மதியம் வெளிக்காற்றே கொதிக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் இவ்வளவு கனத்தைத் தூக்க முடியாது. இதெல்லாம் பிறகு அவள் எனக்கு விளக்கியது. அப்போது அவள் எதுவும் விளக்கவில்லை. செக்யூரிட்டியிடம் கத்தரிக்கோல் வாங்கினாள். குனிந்து அந்தத் தங்கப் பட்டையை வெட்டினாள்.

“அக்கா! அது கம்பெனி பேருக்கா!” என்று மாமா அலறினார்.

“அதான் கனமா கீது” என்றாள் அம்மா. வெட்டியதை மடித்து மாமா கையில் வைத்தாள்.

செக்யூரிட்டிக்காரர் சிரித்தார். சூப்பர்வைசர் முதலில் யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கன்னைப் பிடித்தார். பலூன் நிமிர்ந்தது. முழங்காலைத் தாண்டியது. என் தலையைத் தாண்டியது. செக்யூரிட்டி ரூம் கூரையைத் தாண்டி நின்று, நூலை இழுத்துப் பார்த்தது. காலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நின்று கைதட்டினார்கள். “யார் பொண்ணுடி இது?” என்று ஒருத்தி கேட்டாள். “லீக் டெஸ்ட் அக்கா பொண்ணு” என்று இன்னொருத்தி சொன்னாள். அம்மாவுக்கு அங்கே அப்படியொரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பாஸ் கிடைத்தது.

ஃபேமிலி டே அன்று பலூன் நன்றாகவே பறந்தது. மேடையில் பேசியவர்கள் அதைவிட நீளமாகப் பறந்தார்கள். அதை விடுங்கள். நான் காத்திருந்தது அதற்கப்புறம் நடந்ததற்குத்தான். வரிசையாக உள்ளே கூட்டிப்போனார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது, அதைத் தாண்டி நடக்கக்கூடாது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தாள். தெருவில் அவள் அப்படி நடக்கமாட்டாள்.

தொட்டி நான் நினைத்ததைவிடப் பெரியது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. அம்மா ஒரு ரேடியேட்டரை எடுத்துப் பொருத்தி உள்ளே இறக்கினாள். தண்ணீர் அசைந்து அடங்கியது. “பாரு” என்றாள். பார்த்தேன். ஒன்றும் இல்லை. “நல்லாப் பாரு.” ஒரு மூலையிலிருந்து கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழி கிளம்பி, ஆடி ஆடி மேலே போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவ்வளவுதான். என் கண்ணுக்கு அது தெரியவே நேரம் ஆனது. அம்மா அதற்குள் அந்த இடத்தில் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு ரேடியேட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் எங்கோ நெடுஞ்சாலையில் ஒரு கார் கொதித்து நின்றிருக்கும். ஒவ்வொரு நாளும் இவள் இதைத்தான் செய்கிறாள். எனக்கு அத்தையை அந்த நிமிஷமே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில் பாலிதீன் உறை போர்த்தி ஒரு பெரிய மிஷின் நின்றது. பாதி உறையை விலக்கி ரிப்பன் கட்டியிருந்தார்கள். சூப்பர்வைசர் எல்லாருக்கும் பெருமையாகச் சொன்னார்.

“இனிமே தண்ணி வேண்டாம், கண்ணு வேண்டாம். ஹீலியம் கேஸ உள்ள விட்டா, எங்க கசிஞ்சாலும் மிஷினே மோந்து பாத்துச் சொல்லிரும்.”

“ஹீலியமா!” என்று கத்திவிட்டேன். “அம்மா, பலூன் கேஸ்மா! சூடே பண்ண வேணாம்னு போட்ருந்துதே, அதும்மா! சார், இதுலேர்ந்து பலூன் ஊதலாமா சார்?”

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். ஆனால் அம்மாவைப் பார்க்காமல் சிரித்தார். அம்மா என் தலையைத் தடவினாள். தலை நனைந்தது.

திரும்பி வருகிற பஸ் முழுக்க நான் வாயை மூடவில்லை. அடுத்த வருஷம் அந்த மிஷினிலிருந்து கொஞ்சம் கேஸ் கேட்டு வாங்க வேண்டும், அடுத்த வருஷம் கன் வேண்டாம், அடுத்த வருஷம் மேகம் வரைக்கும் விடுவோம். அம்மா ஒவ்வொன்றுக்கும் “சரி” என்றாள். “சரிடி” என்றாள்.

மறுநாள் குழாயடியில் அத்தையை ஒரு வழி பண்ணினேன். கண்ணாடித் தொட்டியை, விளக்கை, கடுகைவிடச் சின்னக் குமிழியை, சிவப்பு வட்டத்தை எல்லாம் சொன்னேன். லீக் டெஸ்ட் அக்கா என்று எல்லாரும் அழைப்பதைச் சொன்னேன். அத்தை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “தண்ணிலயே நிக்கிறாளே, காலுக்கு இன்னா போட்டுக்கினு கீறா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பாத்திரம் என்ற பேச்சே எடுக்கவில்லை.

இந்த வருஷம், இந்த வருஷம் என்று அம்மா ஏன் அப்படி அடம்பிடித்தாள் என்று நான் கேட்கவே இல்லை. காண்ட்ராக்ட் ஆட்களை அந்த வருஷம் மட்டும் ஏன் கூப்பிட்டார்கள் என்றும் யோசிக்கவில்லை. நான் ஜெயித்திருந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

கொஞ்ச மாதம் கழித்து அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். லீவு என்றாள். எனக்குத் தினமும் அவளே தலை வாரிவிட்டாள். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு நாள் காலை அவள் விரல் என் நெற்றியில் பட்டது. என்னவோ புதிதாக இருந்தது. கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளுப்பு இல்லை. நுனியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“அம்மா! உன் கை நல்லாயிடுச்சும்மா!” என்று கத்தினேன். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரம்மாவைக்கூடக் கூப்பிட்டேன்.

அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் எல்லாருக்கும் காட்டி முடிக்கும்வரை அப்படியே கொடுத்திருந்தாள்.

“ஆமா” என்றாள். “நல்லாயிடுச்சு.”